காசு வாங்காத ஏஜென்ட் யாருடைய ஆள்?

“ஏஜென்ட் நம்மகிட்ட ஒரு பைசா வாங்கறதில்லை சார். கப்பல் கம்பெனிதான் அவருக்குக் கமிஷன் கொடுக்குது. அப்புறம் என்ன யோசனை?”

இந்தப் பேச்சைச் சமீப காலத்தில் ஏழெட்டுப் பேர் வாயால் கேட்டுவிட்டேன். சொன்னவர்கள் எல்லாரும் படித்தவர்கள், பென்ஷன் வாங்குபவர்கள். அதில் ஒருவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தவர்களே இப்படிப் பேசுவதைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் திருப்பருத்திக்குன்றத்திலும் வேகவதிக்கு அந்தப் பக்கம் காஞ்சிபுரத்திலுமாக இருக்கும் ஓய்வூதியர்கள் சிலர், தம்பதி சமேதராகச் சென்னையிலிருந்து கப்பலில் ஒரு சுற்று போய்வர ஆசைப்படுகிறோம். 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து ‘கார்டிலியா’ சொகுசுக் கப்பலை அனுப்பிவைத்தபோது முளைத்த ஆசை. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போக ஆரம்பித்ததும் ஆசை இன்னும் வலுத்துவிட்டது. திருகோணமலையில் கோணேசரைத் தரிசிக்கலாம் என்று வீட்டம்மாக்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். இனி நாங்கள் வேண்டாம் என்றாலும் நடக்காது.

கட்சி இரண்டாகப் பிரிந்தது டிக்கெட் விஷயத்தில்தான். ஒரு கட்சி, “பேரன் கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவான், ஏஜென்ட் என்றாலே கொள்ளை” என்கிறது. மற்ற கட்சி, மேலே சொன்ன ‘ஒரு பைசா வாங்குவதில்லை’ கட்சி. முதல் கட்சியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை; அவர்கள் பாதி சரி. இரண்டாவது கட்சியோடுதான் சண்டை.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் வெளியூர் பஸ் நின்றதும் என்ன நடக்கிறது? ஒரு ஆட்டோக்காரர், அல்லது வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், “அம்மா, நெசவாளர் வீட்டிலேயே வாங்கலாம் வாங்க, எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்” என்று அழைத்துப் போகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த அம்மாள் அவருக்கு ஒன்றும் தரப்போவதில்லைதான். கடைக்காரர் தருவார். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம்மூர்க் குழந்தை கூடச் சொல்லும்: புடவை விலையிலிருந்து. சில கடைகளில் நீங்கள் தனியாக நடந்து போய்க் கேட்டாலும் அதே விலைதான். தரகு ஏற்கெனவே விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தரகர் வராத நாளில் அது கடைக்காரருக்கு லாபம்.

கப்பல் டிக்கெட்டும் அச்சாக இப்படித்தான். கம்பெனியில் நேராகப் போட்டாலும் ஏஜென்ட் மூலம் போட்டாலும் பெரும்பாலும் ஒரே தொகை. அடிப்படைக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏஜென்ட்டுக்கு என்று கம்பெனி ஒதுக்குகிறது. துறைமுகக் கட்டணம், வரி போன்றவற்றுக்குப் பொதுவாகக் கமிஷன் கிடையாது. ஆகவே ‘நேராகப் போட்டால் மலிவு’ என்ற முதல் கட்சியின் வாதம் பல நேரம் எடுபடாது. ‘ஏஜென்ட் இலவசம்’ என்ற இரண்டாம் கட்சியின் வாதம் எந்த நேரமும் எடுபடாது. அவர் கூலியை நாம்தான் கொடுக்கிறோம். கம்பெனி கை வழியாகப் போவதால் கம்பெனி கொடுப்பதாகத் தோன்றுகிறது. இதனால் வரும் நஷ்டம் பணத்தைவிடப் பெரியது. கூலி யார் கையிலிருந்து வருகிறதோ, ஆள் அவருடையவன்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு மொழியில். தரகருக்கு அங்கே ‘குர்த்தியே’ என்று பெயர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் குர்த்தியே வேலை பார்த்தவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்ஸ் காலத்து நாட்குறிப்பு எழுதியவர். அவருக்கு ‘ஆனந்தப்புரவி’ என்று சொந்தக் கப்பலே இருந்தது. எவ்வளவு பெரிய மனிதர்! ஆனாலும் அவர் யாருடைய ஆள் என்பதில் பாண்டிச்சேரி வணிகர் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கம்பெனியின் ஆள். அவரும் அதை மறைத்ததில்லை. இன்றைய கப்பல் ஏஜென்ட்டுகளிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்த அளவு வெளிப்படைதான்.

இன்னொரு வகைத் தரகரும் அந்தக் கடற்கரையில் இருந்தார். பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்ட ‘ஒரெலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் குவாதலூப். ஆள் சேர்த்துக் கொடுத்த மேஸ்திரிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. ஏறிய ஏழை அவர்களுக்கு ஒரு காசு தரவில்லை. அதனாலேயே அந்த மேஸ்திரி அவனுக்கு எவ்வளவு ‘இலவசமாக’ உதவினான் என்பது கரும்புத் தோட்டத்தில் இறங்கியபின் தெரிந்திருக்கும். சொகுசுக் கப்பல் சுற்றுலாவையும் கூலிக் கப்பலையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏறுகிறவனுக்கும் கப்பலுக்கும் நடுவில் நிற்பவன், கப்பல்காரனிடம் கூலி வாங்குகிறான் என்ற ஒரே ஒரு சங்கதியைத்தான் சொல்ல வந்தேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். குமாஸ்தாவுக்கு அங்கே போகாமல் தூக்கம் வராது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 230. முதலாளி இன்னார் என்று சொல்லிவிட்டு அவர் சார்பில் ஏஜென்ட் செய்யும் ஒப்பந்தத்துக்கு, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, ஏஜென்ட் தன் தலையால் பொறுப்பாக மாட்டார். இதுதான் அதன் சாரம். விதிவிலக்குகள் உண்டு: முதலாளி பெயரை மறைத்தால், அல்லது முதலாளியின் மேல் வழக்குப் போட முடியாத நிலை இருந்தால், ஏஜென்ட்டைப் பிடிக்கலாம். ஆனால் பொது விதி அதுதான். கப்பல் வரவில்லையா, துறைமுகம் மாறியதா, அறை மாறியதா, ஏஜென்ட் கையை விரித்து “நான் வெறும் ஏஜென்ட் சார், கம்பெனியைக் கேளுங்க” என்று சொல்ல இந்தப் பிரிவே அவருக்குக் குடை.

பிரான்ஸில் நிலைமை தலைகீழ். 1992 ஜூலை 13-ஆம் தேதிச் சட்டத்திலிருந்து, பயணத்தையும் தங்குவதையும் சேர்த்துக் கட்டி விற்பவர், அந்த வேலையை வேறு யார் செய்தாலும், வாடிக்கையாளருக்குத் தாமே முழுப் பொறுப்பு. ‘ரெஸ்போன்சாப்ல் தெ ப்ளேன் துருவா’ என்பார்கள்: பயணி அவர் தப்பை நிரூபிக்கத் தேவையில்லை, சட்டப்படியே அவர் பொறுப்பாளி. திவாலானால் பயணியின் பணத்தைத் திருப்பித் தர நிதி உத்தரவாதமும் வைத்திருக்க வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்து போய் அங்கே குடியேறிய என் உறவினர்கள், ‘ஏஜென்ஸியில் போட்டுவிடு, கவலையில்லை’ என்று ஃபோனில் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரியான யோசனை. அந்த யோசனையை அப்படியே காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்தால், ‘ஏஜென்ஸி’ என்ற சொல் மட்டும் வரும், அதற்குப் பின்னால் நிற்கும் சட்டம் வராது.

கம்பெனிக்காரரைப் பிடிக்கலாம் என்றால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பிரசித்தமான வழக்கு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்த ஷூட் தம்பதியர், தங்கள் ஊர் ஏஜென்ட்டிடம் பணம் கட்டி கார்னிவல் கம்பெனியின் கப்பலில் மெக்சிகோ பக்கம் ஏழு நாள் போனார்கள். கப்பலின் சமையற்கட்டைச் சுற்றிப் பார்க்கும்போது அந்த அம்மாள் விரிப்பில் வழுக்கி விழுந்து அடிபட்டார். தங்கள் மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். கம்பெனி டிக்கெட்டைக் காட்டியது: வழக்கு எதுவானாலும் ஃப்ளோரிடா நீதிமன்றத்தில்தான் என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. பணம் கட்டிய பிறகு கைக்கு வந்த டிக்கெட் அது! 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கமாக, அந்த வாசகம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. டிக்கெட் விற்ற ஏஜென்ட் அவர்கள் ஊரில் இருந்தார். நியாயம் கேட்கும் இடமோ நாட்டின் இன்னொரு மூலையில்.

நம் நாட்டில் கொஞ்சம் பரவாயில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இது நமக்குக் கிடைத்த நல்ல ஆயுதம். ஆனால் ஆயுதத்தைப் பிடிக்கக் காகிதம் வேண்டும். “அவர்தான் வாயால் சொன்னாரே” என்பது காகிதம் ஆகாது.

‘எல்லாம் பெரிய கம்பெனிகள், பெரிய ஏஜென்ஸிகள், ஒன்றும் ஆகாது’ என்பார்கள். 2019-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 23-ஆம் தேதி இங்கிலாந்தில் 178 வயதான தாமஸ் குக் கவிழ்ந்தது. (இந்தியாவில் அந்தப் பெயரில் இருப்பது வேறு உரிமையாளரின் கம்பெனி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.) அன்று வெளிநாடுகளில் சிக்கிய சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அவர்கள் அரசு விமானம் வைத்துக் கூட்டி வந்தது. அங்கே அதற்கென்று பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அடுத்த மாதமே இங்கே, 1758-ஐத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்ளும் காக்ஸ் அண்ட் கிங்ஸ் திவால் நடவடிக்கைக்குள் போனது. இங்கே அப்படிக் காப்பாற்றும் திட்டம் எதுவும் இல்லை. திவால் கம்பெனியிடம் முன்பணம் கட்டிய பயணி, வங்கிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியவர். கப்பல் கம்பெனியும் விதிவிலக்கில்லை. 2019 ஏப்ரலில் மும்பையில் ஆரவாரமாக ஆரம்பித்த ஜலேஷ் க்ரூசஸ், கொரோனாவில் மாட்டி 2020 முடிவதற்குள் மூடப்பட்டது. அதன் ‘கர்ணிகா’ கப்பல் உடைப்பதற்காக அலங் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

கொரோனா என்றதும் இன்னொன்று. அந்தச் சமயத்தில் ரத்தான விமான டிக்கெட்டுகளின் பணத்தைத் திருப்பித் தர 2020 அக்டோபர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நேராகப் போட்டவருக்கு விமானக் கம்பெனி நேராகத் தர வேண்டும். ஏஜென்ட் மூலம் போட்டவருக்கோ ஏஜென்ட்டிடம் போய், அவர் வழியாக வர வேண்டும். அந்த ‘வழியாக’ என்ற ஒரு சொல்லில் எத்தனை பேர் பணம் தங்கிற்று தெரியுமா? நான்கு ஆண்டு கழித்து, 2024 ஜூனில் கூட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய இணைய ஏஜென்ஸியைப் பார்த்து, பாக்கி இரண்டரைக் கோடி ரூபாயைப் பயணிகளுக்குத் திருப்பிக் கொடு என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. கைப்பேசியில் பேரன் போடுவதும் பல நேரம் ஏஜென்ட்டிடம்தான் என்பதை முதல் கட்சி இங்கே கவனிக்க வேண்டும். கடை இல்லை, முகம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பேரன் திறந்த பக்கம் கப்பல் கம்பெனியின் சொந்தப் பக்கமா, நடுவில் நிற்பவர் பக்கமா என்று முதலில் கேளுங்கள். தாத்தா கேட்டால் முகத்தைச் சுளிப்பான். சுளிக்கட்டும்.

எனக்கே நடந்த ஒரு சின்ன விஷயம். கப்பல் இல்லை, விமானம். ரத்தான பயணத்துக்குப் பணம் கேட்டு ஏஜென்ட்டிடம் போனால் “கம்பெனியிலிருந்து வரலை” என்றார்கள். கம்பெனிக்கு எழுதினால் “உங்கள் ஏஜென்ட் கணக்கில் அன்றே செலுத்திவிட்டோம், அவரைத் தொடர்பு கொள்ளவும்” என்று பதில். ஐந்து மாதம் இரண்டு பேருக்கும் நடுவில் பந்தாக உருண்டேன். கம்பெனி அனுப்பிய கடிதத்தின் நகலை ஏஜென்ட் மேஜை மேல் வைத்தபிறகுதான் பணம் வந்தது. கப்பலிலும் இதே நடைமுறை: ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட்டில் மாற்றம் எதுவானாலும் கம்பெனி பொதுவாக உங்களோடு பேசாது, ஏஜென்ட்டோடுதான் பேசும். உங்கள் பயணத்தின் சாவி அவர் இடுப்பில்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அப்படியானால் ஏஜென்ட்டே வேண்டாம் என்கிறீரா?” என்று கேட்பீர்கள். இல்லை.

நம் ஊரிலேயே இன்னொரு பழக்கம் இருக்கிறதே, அதை நினையுங்கள். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும் குடும்பம், தெரிந்த நெசவாளர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போகும். அவர் தறி வேலையை ஒரு நாள் நிறுத்திவிட்டு வருவார். அவர் கூலியைக் குடும்பம் கொடுக்கும். கடையில் அவர் ஒன்றும் பேச மாட்டார். புடவையைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார். கோர்வை கையால் போட்டதா, ஜரிகை எப்படி என்று விரலால் தடவுவார். வேண்டாம் என்றால் லேசாகத் தலையை ஆட்டுவார். அந்த ஒரு தலையாட்டலுக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. ஆட்டோக்காரரும் கடைக்குக் கூட வந்தவர்தான், இவரும் கூட வந்தவர்தான். யார் யாருடைய ஆள் என்பதுதான் கேள்வி.

கப்பலுக்கும் அப்படி ஒரு ஆள், நம் வயசுக்கு, அவசியம் வேண்டும். ஏனென்றால் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. விளம்பரத்தில் போடும் விலை, ஒரு அறையில் இருவர் என்ற கணக்கில் ஒருவருக்கு. மனைவியை இழந்த நண்பர் தனியாக வந்தால், காலிப் படுக்கைக்கும் சேர்த்து ஏறக்குறைய இரட்டிப்பாகக் கட்ட நேரும். துறைமுகக் கட்டணம், ஊழியர் சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் கடைசிப் பக்கத்தில் வந்து சேரும். ‘அறையை நாங்களே ஒதுக்குவோம்’ என்ற மலிவு டிக்கெட்டில் அறை எங்கே விழும் என்று சொல்ல முடியாது: ஆட்டபாட்ட அரங்கத்துக்கு நேர் கீழே விழலாம், லிஃப்டிலிருந்து முழங்கால் தாங்காத தூரத்தில் விழலாம். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. தலைசுற்றல்காரர்கள் அதைத்தான் கேட்க வேண்டும். கப்பல் மருத்துவர் இலவசம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைத்து இன்சூரன்ஸ் எடுத்தால், அது வெறும் தாள்.

பெயர் விஷயம் தனிக் காவியம். நம்மில் பாதிப் பேருக்கு ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஓய்வூதியப் புத்தகத்தில் வேறு ஒன்று. பாஸ்போர்ட்டில் எப்படியோ டிக்கெட்டில் அப்படியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். “துறைமுகத்தில் பார்த்துக்கலாம் சார்” என்று சொல்பவரிடம் டிக்கெட் போடாதீர்கள். துறைமுகத்தில் அவர் இருக்க மாட்டார்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்று விற்றால் விற்பவர் நம்மிடம் டிசிஎஸ் பிடிப்பார். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, கட்டும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். அது செலவில்லை, நம் பான் எண்ணில் வரவாகும் பணம். வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். அதற்கு டிசிஎஸ் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தேடிவந்து கொடுப்பதில்லை.

எங்கள் கூட்டத்தில் நயினார் வீட்டு அம்மா ஒருவர் இருக்கிறார். திருப்பருத்திக்குன்றம் என்றாலே ஜின காஞ்சி. வர்த்தமானர் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மா சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை. கிழங்கும் கூடாது. ஏஜென்ட்டிடம் கேட்டோம். “ஜைன் ஃபுட் இருக்கு சார், நோ ப்ராப்ளம்” என்று முடிப்பதற்குள் பதில். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். விழித்தார். ஜைன உணவு என்றால் வெங்காயம் பூண்டு இல்லாதது என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு எவ்வளவு சுத்தமான ஜைன உணவு வைத்தாலும் அந்த அம்மாவுக்கு அது பட்டினிதான். நான்கு இரவுகள். எழுபது வயது. இது ‘நோ ப்ராப்ளம்’ இல்லை. கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, மாலை ஐந்தரைக்குள் சாப்பாடு தர முடியுமா என்று எழுத்தில் பதில் வாங்கித் தருகிறவர்தான் எங்களுக்கு ஏஜென்ட். மற்றவர் டிக்கெட் விற்பவர்.

துறைமுகம் மாறுவதைப் பற்றியும் எழுத்தில் கேட்க வேண்டும். 2022 ஜூனில் அந்தக் கார்டிலியா கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு வந்தது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறதென்று ஊரில் எதிர்ப்பு, அரசின் அனுமதி கிடைக்கவில்லை; பயணிகளை இறக்காமலே சென்னைக்குப் போனது. பாண்டிச்சேரியைப் பார்க்கப் பணம் கட்டியவர்கள் அதைக் கடலிலிருந்து பார்த்தார்கள். பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஊர் என்பதால் எனக்கு அந்தச் செய்தி கூடுதலாக உறைத்தது. (அந்தக் கப்பலே பிரான்ஸில், சேன் நசேர் துறைமுகத்தில் கட்டி 1990-இல் ஓட ஆரம்பித்தது. பிரெஞ்சுக் கப்பலுக்குப் பாண்டிச்சேரியில் இடமில்லை! இப்படி நம் கரைக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல் இதற்கு முன்னும் உண்டு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலைப் பலருக்கு நினைவிருக்கும். அதுவும் பழைய ‘பாஸ்தேர்’தான். 1972-இல் நம் அரசுக் கப்பல் நிறுவனம் வாங்கிப் பெயர் மாற்றியது.) வழித்தடத்தை மாற்றவும் ஒரு துறைமுகத்தை விட்டுவிடவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று கப்பல் கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது வழக்கம். அதை விற்கும்போது வாய்விட்டுச் சொல்லும் ஏஜென்ட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே எங்கள் கூட்டத்துக்கு நான் வைத்த யோசனை இது. சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்கும் சின்னப் பயணம், எல்லாரும் நடமாட முடிந்தவர்கள், தனிச் சாப்பாட்டுத் தேவை இல்லை என்றால், கம்பெனியிடமே நேராக, அவரவர் கார்டில், அவரவர் பெயரில் போட்டுக்கொள்வோம்; பணம் திரும்பினாலும் அவரவர் கணக்குக்கே திரும்பும். நயினார் வீட்டு அம்மாவைப் போலவோ, முழங்கால் சரியில்லாத நம் தலைமை ஆசிரியரைப் போலவோ ஒருவர் இருந்தால் ஏஜென்ட்டிடம் போவோம், ஆனால் சும்மா போக வேண்டாம். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் நம் கையால் கூலி கொடுத்து, ரசீது வாங்கி, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்போம்.

தாளை நானே எழுதினேன். நான்கு வரி. கம்பெனி எந்தத் தேதியில் பணத்தைத் திருப்பினாலும் ஏழு நாளில் எங்களுக்குத் தருவேன். கம்பெனியிடமிருந்து எனக்கு வரும் கடிதம் எதையும் அன்றே உங்களுக்கு அனுப்புவேன். அறை எண்ணும் உணவு நேரமும் எழுத்தில் வாங்கித் தருவேன். நான் சொன்ன தகவல் தவறானால் அதற்கு நான் பொறுப்பு. பிரிவு 230-இலேயே ‘வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை’ என்று ஒரு கதவு திறந்திருக்கிறதே, அதன் வழியாகத்தான் இந்த நான்கு வரியும் நுழைகிறது.

மூன்று ஏஜென்ட்டுகளிடம் காட்டினோம். முதல்வர் சிரித்துவிட்டு, “காசே வேண்டாம் சார், கையெழுத்து மட்டும் கேட்காதீங்க” என்றார். இரண்டாமவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாவது, சின்னக் கடை, ஒரு பெண்மணி தனியாக நடத்துகிறார். தாளை இரண்டு முறை படித்தார். “ஐயா, ஏழு நாள் முடியாது, பதினஞ்சு நாள்னு போடுங்க. மத்த மூணும் சரி” என்றார். பிறகு, “அந்த அம்மா சாயங்காலம் எத்தனை மணிக்குள்ள சாப்பிடணும்?” என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

பதினைந்து என்று திருத்திக் கையெழுத்தாகிவிட்டது. ‘ஒரு பைசா வாங்காத’ ஏஜென்ட்டிடம் போட விரும்பும் நண்பர்கள் தாராளமாகப் போடலாம். இந்தத் தாளின் நகல் வேண்டுமென்றால் காலையில் கோயில் வாசலில் என்னைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் செலவு மட்டும் உங்களுடையது.